வீட்டு ஆர்.ஓ. வடிகட்டி: அறிகுறியிலிருந்து பழுதைக் கண்டறியும் வழிமுறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத்து லயங்களை (தொழிலாளர் வரிசை வீடுகளை) விட்டுத் தாமான் என்னும் குடியிருப்புப் பேட்டை வீடுகளுக்குக் குடிவந்த பல குடும்பங்களின் சமையலறையில், சிங்க்கின் அடியில் இப்போது ஓர் ஆர்.ஓ. வடிகட்டி, அதாவது மெம்பரேன் என்னும் மெல்லிய சவ்வின் வழியே நீரைத் தள்ளி உப்பைப் பிரிக்கும் கருவி, உட்கார்ந்திருக்கிறது. அது ஒழுங்காக ஓடும்வரை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. தண்ணீர் குறைந்தாலோ வாடை வந்தாலோ, 'மெம்பரேனை மாற்றிவிடலாமா?' என்ற கேள்விதான் முதலில் எழுகிறது. செம்பனை ஆலை ஒன்றில் கொதிகலன் நீரைத் தினமும் அளந்து குறித்த பழக்கம் எனக்கு உண்டு. அந்தப் பழக்கத்தில் சொல்வதானால், மெம்பரேன் கடைசியாகச் சந்தேகிக்க வேண்டிய பாகம். விலை கூடிய பாகமும் அதுவே. அதற்கு முன்னாலும் பின்னாலும் இருக்கும் மலிவான பாகங்களே பெரும்பாலும் பழுதாகின்றன; எது பழுது என்பதை ஊகிக்கத் தேவையில்லை, அளந்தே தெரிந்துகொள்ளலாம்.

அளப்பதற்கு வேண்டியவை சிலவே: மில்லிலிட்டர் கோடு போட்ட ஒரு குவளை, நொடி காட்டும் கடிகாரம், நீரில் கரைந்த உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மானி, டயரின் காற்றழுத்தம் பார்க்கும் மானி, முடிந்தால் ஒரு மல்டிமீட்டர். இவற்றோடு ஒரு நோட்டுப் புத்தகமும் வேண்டும். வடிகட்டி நன்றாக ஓடும் நாளில் எடுத்த அளவு கையில் இல்லையென்றால், பழுதான நாளில் எடுக்கும் அளவை எதனுடன் ஒப்பிடுவது?

தண்ணீர் போகும் வழியை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதாகப் புரியும். வீதிக் குழாயிலிருந்து மீட்டர் வழியாக வரும் நீர், சில வீடுகளில் வாசலில் நிற்கும் மணல் வடிகட்டியைக் கடந்து, சமையலறையில் முதலில் பஞ்சு வடிகட்டிக்கும் அடுத்துக் கரி வடிகட்டிக்கும் போகிறது. பஞ்சு வடிகட்டி பொதுவாக 5 மைக்ரான் அளவுடையது. அது சேற்றையும் துருவையும் பிடிக்கிறது. கரி வடிகட்டி குளோரினை நீக்குகிறது. மெம்பரேனின் மேற்பரப்பு பாலிஅமைடு என்னும் மெல்லிய படலம். அது குளோரின் பட்டால் மெல்ல மெல்ல அரிக்கப்பட்டுவிடும் என்பதால், கரி வடிகட்டி ருசிக்காக மட்டும் வைக்கப்பட்டதன்று. அதன்பின் பம்பு நீரை மெம்பரேனுக்குள் தள்ளுகிறது. அங்கே நீர் இரண்டாகப் பிரிகிறது: நல்ல நீர் ஒருவழி வால்வைத் தாண்டித் தொட்டிக்குப் போய், பின்கரி என்னும் கடைசிக் கரி வடிகட்டி வழியாகக் குழாய்க்கு வருகிறது, உப்பைச் சுமந்த மிச்ச நீர், கட்டுப்படுத்தி என்னும் சிறு குப்பி வழியாக வடிகாலுக்குப் போகிறது. இந்தக் கட்டுப்படுத்தி வழியைக் குறுக்கிப் பிடிப்பதால்தான் மெம்பரேனுக்குள் அழுத்தம் நிற்கிறது.

எந்தப் பாகத்தைக் கழற்றுவதற்கு முன்னும் பம்பின் மின்செருகியைப் பிடுங்கி, நீர் வரும் வால்வையும் தொட்டியின் வால்வையும் மூடி, ஆர்.ஓ. குழாயைத் திறந்து உள்ளே இருக்கும் அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதும் இந்த வேலையின் ஒரு பகுதிதான்.

குழாயில் தண்ணீர் நூலாக வருகிறது

மிகுதியாகக் கேட்கும் குறை இது. விடைகளும் இதற்குத்தான் மிகுதி. முதலில் தொட்டியைக் கையால் சற்றுத் தூக்கிப் பாருங்கள். தொட்டி கனமாக இருந்தும் குழாயில் நூல்தான் வருகிறது என்றால், நீர் உற்பத்தியில் குறை இல்லை. தொட்டிக்குள் காற்று இறங்கியிருக்கும், அல்லது பின்கரி அடைத்திருக்கும். இதற்கான வழியை அடுத்த தலைப்பில் சொல்கிறேன். தொட்டி லேசாக இருந்தால், மெம்பரேனிலிருந்து நீர் போதிய அளவு வரவில்லை. இனிக் குவளைக்கும் கடிகாரத்துக்கும் வேலை.

தொட்டியின் வால்வை மூடிவிட்டு ஆர்.ஓ. குழாயைத் திறந்து வைத்து, வரத்து ஒரே சீராகும்வரை சில நிமிடம் பொறுத்து, ஒரு நிமிடத்தில் விழும் நல்ல நீரைக் குவளையில் பிடித்து அளந்து குறியுங்கள். பிறகு வடிகால் குழாயின் நுனியை எடுத்து, அதிலும் ஒரு நிமிடம் அளந்து குறியுங்கள். ஒரு நாளைக்கு 75 கேலன் என்று அச்சிட்ட மெம்பரேன், 60 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தத்திலும் 25 பாகை செல்சியஸ் வெப்பத்திலும் நிமிடத்துக்கு ஏறக்குறைய 200 மில்லிலிட்டர் நல்ல நீர் தர வேண்டும். 100 கேலன் மெம்பரேனுக்கு இது 260 மில்லிலிட்டர் ஆகும். 75 கேலனுக்குரிய கட்டுப்படுத்தியில் மிச்ச நீர் நிமிடத்துக்குச் சுமார் 300 மில்லிலிட்டர் போகும். நம் ஊர்த் தண்ணீர் 25 பாகையைவிடச் சற்றுச் சூடாகவே இருப்பதால், மெம்பரேன் அச்சிட்ட அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தரும். ஆகவே 200 வரவில்லை என்பதற்குத் தண்ணீரின் குளிர்ச்சியைக் காரணமாகச் சொல்ல முடியாது.

இந்த இரண்டு எண்களும் சேர்ந்துதான் பழுதைக் காட்டிக்கொடுக்கும். இரண்டுமே குறைந்திருந்தால், நீர் மெம்பரேனுக்கு வந்து சேருமுன்பே தடைபடுகிறது: அழுத்தம் போதவில்லை, பஞ்சோ கரியோ அடைத்திருக்கிறது, அல்லது எண்ணெய்ப் போத்தலுக்கும் அரிசி வாளிக்கும் நடுவே கால் அங்குலக் குழாய் எங்காவது நசுங்கியிருக்கிறது. மிச்ச நீர் சரியாகப் போய் நல்ல நீர் மட்டும் குறைந்தால், அப்போதுதான் மெம்பரேனின் மேல் சந்தேகம் விழ வேண்டும். மிச்ச நீர் வழக்கத்தைவிடப் பெருகி நல்ல நீர் குறைந்தால், கட்டுப்படுத்தி தன் பிடியை இழந்துவிட்டது. அழுத்தம் முழுவதும் வடிகாலில் ஓடிவிடுகிறது. நல்ல நீர் வழக்கம்போல வந்து மிச்ச நீர் சொட்டாகிவிட்டால் மகிழ்ச்சியடையாதீர்கள். கட்டுப்படுத்தி அடைத்துக்கொண்டிருக்கிறது, கழுவிப் போக வேண்டிய உப்பும் அழுக்கும் மெம்பரேனின் மேலேயே படியத் தொடங்கும். தண்ணீரை மிச்சப்படுத்தலாம் என்று யாரோ சொன்ன யோசனையைக் கேட்டு வடிகால் குழாயைத் தக்கை வைத்து அடைத்த வீட்டையும் நான் பார்த்திருக்கிறேன். அங்கே மெம்பரேனை வெளியே எடுத்தபோது அது வழுவழுவென்று செம்மண் நிறத்தில் இருந்தது. மிச்ச நீர் வீணாகிறதே என்ற வருத்தம் நியாயமானதுதான். அதற்கு அந்தக் குழாயை ஒரு வாளிக்குத் திருப்பிவிடுவதே வழி. குழாய்த் தண்ணீரின் டி.டி.எஸ். 50 பி.பி.எம். (லிட்டருக்கு 50 மில்லிகிராம்) இருந்து, ஒரு பங்கு நல்ல நீருக்கு மூன்று பங்கு மிச்ச நீர் போகிறது என்றால், மிச்ச நீரின் அளவு ஏறக்குறைய 67 பி.பி.எம்.தான். வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் தரை கழுவவும் அது தாராளமாகப் போதும்.

அழுத்தம் குறைவதற்கு நம் வீடுகளுக்கே உரிய ஒரு காரணம் உண்டு. மலேசிய வீடுகளில் சமையலறைக் குழாய் பொதுவாக வீதிக் குழாயிலிருந்து நேராக வரும். குளியலறையும் கழிவறையும் கூரைத் தொட்டியிலிருந்து நீர் பெறும். பழைய வீட்டை இடித்துச் சமையலறையைப் பின்னால் நீட்டியவர்கள் சிலர், அருகில் எந்தக் குழாய் ஓடியதோ அதிலேயே வடிகட்டியைப் பொருத்தியிருப்பார்கள். இதைச் சோதிக்க, மீட்டருக்கு அருகிலுள்ள வால்வை மூடிவிட்டுச் சமையலறைக் குழாயைத் திறந்துவிடுங்கள். சிறிது நேரத்தில் நின்றுவிட்டால் அது நேர்க்குழாய். தொடர்ந்து ஓடினால் அது தொட்டிக் குழாய். தொட்டி நீருக்கு ஒரு மீட்டர் உயரத்துக்கு 0.1 பார் என்ற கணக்கில்தான் அழுத்தம் கிடைக்கும். தொட்டி குழாயைவிட நான்கு மீட்டர் உயரத்தில் இருந்தால் 0.4 பார், அதாவது 6 பி.எஸ்.ஐ.க்கும் குறைவு. பம்பு இல்லாத வடிகட்டி இந்த அழுத்தத்தில் ஓடாது. பம்பு இருந்தாலும் அது திணறும். மெம்பரேனை எத்தனை முறை மாற்றினாலும் இது தீராது. குழாயை மாற்றிப் பொருத்துவதே தீர்வு.

குழாய் சரிதான் என்றால் பஞ்சையும் கரியையும் சோதிக்க வேண்டும். மெம்பரேனுக்குள் போகும் குழாயை அதன் வாயிலிருந்து கழற்றி ஒரு வாளிக்குள் விட்டு, நீர் வால்வைத் திறந்து வரத்தைப் பாருங்கள். அடுத்துப் பஞ்சை எடுத்துவிட்டு, கூட்டை மூடி மறுபடியும் பாருங்கள். வரத்து திடீரென்று பெருகினால் பஞ்சுதான் குற்றவாளி. பெருகவில்லையென்றால் அதேபோலக் கரியையும் எடுத்துப் பார்க்கலாம். இந்தச் சோதனையின்போது மெம்பரேனைக் குழாயோடு மீண்டும் இணைத்துவிடக் கூடாது; வடிகட்டாத நீர் அதற்குள் போகலாகாது.

கழற்றிய பஞ்சை எறிவதற்கு முன் கத்தியால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெளிப்புறம் பழுப்பாகவும் உட்புறம் வெள்ளையாகவும் இருந்தால் அது தன் கடமையைச் செய்திருக்கிறது. நடு வரைக்கும் பழுப்பு ஊறியிருந்தால், நீங்கள் மாற்ற வேண்டிய நாள் எப்போதோ கடந்துவிட்டது. மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது பொதுவிதி. ஆனால் நம் பஞ்சின் ஆயுளை நாட்காட்டியைவிடத் தண்ணீர்த் தடையே தீர்மானிக்கிறது.

தண்ணீர்த் தடைக்குப் பிறகு எல்லாமே குறைந்துவிட்டது

குழாய் உடைப்பினாலோ பராமரிப்பு வேலையினாலோ வீதிக் குழாய் வறண்டு, மீண்டும் நீர் பாயும்போது, குழாயின் உட்சுவரில் ஆண்டுக்கணக்கில் படிந்திருந்த துருவும் சேறும் பெயர்ந்து முதல் நீரோடு வந்துவிடுகின்றன. ஒரு மாதத்தில் பஞ்சில் சேர வேண்டிய அழுக்கு ஒரே காலையில் சேர்ந்துவிடும். ஆகவே தடை என்று தெரிந்தவுடன் வடிகட்டியின் நீர் வால்வை மூடி, பம்பின் மின்செருகியையும் பிடுங்கிவிடுங்கள். நீர் திரும்பியதும் முதலில் வாசல் குழாயைத் திறந்து, வெள்ளை வாளியில் பிடித்தால் அடி தெளிவாகத் தெரியும்வரை ஓடவிடுங்கள். வாசலில் மணல் வடிகட்டி இருந்தால் அதன் கைப்பிடியைத் திருப்பி எதிர்த்திசையில் கழுவுங்கள். கழுவு நீர் தெளியும்வரை நிறுத்தாதீர்கள். அதன்பிறகு சமையலறை வால்வைத் திறக்கலாம். மணல் வடிகட்டி வாங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூட எதிர்த்திசையில் கழுவாதவர்கள் உண்டு. வீடு முழுவதும் அழுத்தம் குறைந்திருப்பதற்கு அதுவே காரணமாக இருக்கும்.

நான்கு குவளைக்குப் பிறகு நின்றுவிடுகிறது

காலையில் தண்ணீர் வேகமாகத் தொடங்கி, ஒரு கெத்தல் நிறைவதற்குள் சொட்டாகிவிடுகிறது. ஆனால் தொட்டியோ கனமாக இருக்கிறது. தொட்டிக்குள் ஒரு ரப்பர்ப் பை உண்டு. பையின் மறுபக்கத்தில் இருக்கும் காற்றுதான் நீரை வெளியே தள்ளுகிறது. ஆண்டுகள் போகப்போகக் காற்று மெல்லக் கசிந்துவிடும். நீர் வால்வை மூடி, ஆர்.ஓ. குழாயைத் திறந்து, தொட்டியை முடிந்த மட்டும் காலியாக்குங்கள். தொட்டியின் அடியிலோ பக்கவாட்டிலோ உள்ள நீல மூடியைத் திருகினால், மோட்டார் சைக்கிள் டயரில் இருப்பது போன்ற அதே வால்வு தெரியும். காலித் தொட்டியில் அழுத்தம் 7 அல்லது 8 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டும். குறைந்திருந்தால் சைக்கிள் பம்பால் மெதுவாக அடியுங்கள். மீதி நீர் இன்னும் கொஞ்சம் குழாய் வழியாக வெளியேறும், அது வழக்கம்தான். பெட்ரோல் நிலையத்துக் காற்றுக் குழாயை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். ஒரு கணத்தில் அளவு மீறிவிடும். அளவு மீறினால் தொட்டியில் நீர் நிறைய இடமே இருக்காது.

அந்த வால்வின் ஊசியை அழுத்தும்போது காற்றுக்குப் பதில் நீர் பீறிட்டால், பை கிழிந்துவிட்டது. அதைத் தைக்கவோ ஒட்டவோ முடியாது. தொட்டியையே மாற்ற வேண்டும்.

காற்று சரியாக இருந்தும் வரத்து நூலாகவே இருந்தால் பின்கரியைக் கழற்றிவிட்டு, தொட்டியின் குழாயை நேராக ஒரு வாளிக்குள் திறந்து பாருங்கள். நீர் பாய்ந்து வந்தால், அடைப்பு பின்கரியில்தான்.

வடிகாலில் நீர் நிற்காமல் ஓடுகிறது

தொட்டி நிறைந்ததும் வடிகால் நிற்க வேண்டும். பம்பு இல்லாத அமைப்புகளில், தொட்டியின் அழுத்தம் வரும் நீரின் அழுத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை எட்டியதும், தானியங்கி அடைப்பு வால்வு நீர் வருவதை நிறுத்திவிடும். இரவெல்லாம் வடிகாலில் சத்தம் கேட்டால், தொட்டியின் வால்வை மூடி ஐந்து நிமிடம் பொறுங்கள். ஓட்டம் நின்றுவிட்டால் அடைப்பு வால்வு நலமாக இருக்கிறது. தொட்டியின் காற்றையும் வரும் நீரின் அழுத்தத்தையும் பாருங்கள். நிற்கவில்லையென்றால், தொட்டியின் வால்வைத் திறந்துவிட்டு நீர் வரும் வால்வை மூடுங்கள். இப்போது நின்றால் அடைப்பு வால்வுதான் பழுது. இப்போதும் வடிகாலில் நீர் தொடர்ந்து ஓடினால், அது வீதிக் குழாயின் நீர் அன்று: தொட்டியில் சேர்த்த நல்ல நீர் மெம்பரேன் வழியாகத் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது, அதாவது ஒருவழி வால்வு அடைக்க மறுக்கிறது. மெம்பரேன் கூட்டின் நல்ல நீர் வாயில் பொருத்திய வளைவுத் துண்டுக்குள்தான் அது பெரும்பாலும் இருக்கும். சில வெள்ளியில் (ரிங்கிட்டில்) கிடைக்கும் பொருள், பத்து நிமிட வேலை.

பம்பு ஓடவில்லை, அல்லது ஓய்வதே இல்லை

பம்புக்கு 24 வோல்ட் நேர்மின்சாரம் வேண்டும். அடாப்டரின் முனையை மல்டிமீட்டரால் அளந்து, 24க்கு அருகில் எதுவும் காட்டாவிட்டால் அடாப்டரை மாற்றுங்கள். மாலைதோறும் இடி மின்னலோடு மழை பெய்யும் நம் வட்டாரத்தில் அடாப்டர் எரிவது புதுமையன்று; மழை இருட்டும்போது தொலைக்காட்சியின் செருகியைப் பிடுங்குகிறவர்கள் இதையும் சேர்த்துப் பிடுங்கலாம். அடாப்டருக்குள் எறும்பு கூடு கட்டிய வீடும் உண்டு.

அடாப்டர் சரியாக இருந்தும் பம்பு அசையவில்லையென்றால், பம்புக்கு முன்னால் உள்ள தாழ்வழுத்தச் சுவிட்சு அதைத் தடுக்கலாம். நீர் இல்லாமல் பம்பு வறண்டு ஓடக்கூடாது என்பதற்காகவே அந்தச் சுவிட்சு வைக்கப்பட்டிருக்கிறது. பம்பு சில நொடிகளுக்கு ஒருமுறை ஓடி நின்றுகொண்டிருந்தால், பஞ்சு அடைத்து வரத்து போதவில்லை என்று பொருள். இரைச்சல் திடீரென்று கூடினாலும் முதலில் பஞ்சையே பாருங்கள். யாரும் குழாயைத் திறக்காத நேரத்தில் சில நிமிடத்துக்கு ஒருமுறை பம்பு தானாக ஓடினால், எங்கோ நீர் கசிகிறது அல்லது ஒருவழி வால்வு பின்னோக்கி விடுகிறது. தொட்டி நிறைந்தும் பம்பு நிற்காவிட்டால் உயரழுத்தச் சுவிட்சைச் சோதிக்க வேண்டும்.

வாடையும் ருசியும்

ஆர்.ஓ. குழாய் நீரில் குளோரின் வாடை தெரிந்தால், மெம்பரேனுக்கு முன்னால் உள்ள கரி வடிகட்டி தீர்ந்துவிட்டது. நாள் கடத்தாதீர்கள், மெம்பரேன் தின்னப்படுகிறது. தீபாவளிக்கு ஊருக்குப் போய் இரண்டு வாரம் கழித்துத் திரும்பியவர்கள் சேற்று வாடை, பூஞ்சை வாடை என்று சொல்வது, தொட்டியில் தேங்கிய நீரினாலும் வயதான பின்கரியினாலும் வருவது. தொட்டியை முழுதாக வடித்து நிரப்பி, மீண்டும் ஒருமுறை வடியுங்கள். வாடை போகாவிட்டால் பின்கரியை மாற்றி, அமைப்பைத் தொற்றுநீக்கம் செய்யுங்கள்: மெம்பரேனையும் எல்லா வடிகட்டிகளையும் வெளியே எடுத்து, வெறும் கூட்டில் வாசனை சேர்க்காத வீட்டு வெளுப்புத் திரவம் இரண்டு மேசைக்கரண்டி விட்டு, நீரை நிரப்பி, அரை மணி நேரம் நிறுத்தி, வாடை அறவே போகும்வரை கழுவ வேண்டும். மெம்பரேனை உள்ளே விட்டுவிட்டு இதைச் செய்தால் அது அன்றோடு முடிந்தது. வெளுப்புத் திரவத்தோடு வினிகரையோ வேறு அமிலத்தையோ கலக்கவே கூடாது. நச்சு வாயு எழும். இத்தகைய வேலைக்குப் பின் முதல் நாள் குடிநீரை ஒரு நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிட்டுக் குடிப்பது நல்லது.

அழுகிய முட்டை வாடை, ஆழ்குழாய்க் கிணற்றைப் பயன்படுத்தும் வீடுகளில் நிலத்தடி நீரிலிருந்தே வரலாம். தண்ணீர் சப்பென்று இருக்கிறது, தேத்தண்ணியில் ருசி இறங்கவில்லை என்பது பழுதன்று. உப்பு நீங்கிய நீர் அப்படித்தான் இருக்கும். கரியமில வாயு மெம்பரேனைக் கடந்துவிடுவதால் அந்த நீர் சற்று அமிலப் பக்கம் சாய்ந்திருக்கும். பிடிக்காதவர்கள் கால்சைட் என்னும் சுண்ணாம்புக் கனிமக் கற்கள் நிரப்பிய குப்பியைக் கடைசியில் இணைத்துக்கொள்ளலாம்.

நிறம் மாறியிருக்கிறது

வடிகட்டி மாற்றிய பின் குவளையில் பால் போல வெண்மை தெரிந்து, அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்தால், அது காற்றுக் குமிழி. சில நாளில் போய்விடும். கரும்பொடி வந்தால் புதுக் கரியைக் கழுவாமல் பொருத்தியிருக்கிறீர்கள்.

செந்நிறம் மட்டும் நின்று யோசிக்க வேண்டியது. இன்னும் சில பழைய தோட்டக் குடியிருப்புகளில் கிணற்று நீரும் ஆழ்குழாய் நீரும் பயன்பாட்டில் இருக்கின்றன. அந்த நீரில் இரும்பு கரைந்திருக்கும்போது, எடுத்தவுடன் பளிங்கு போலத் தெரிந்து, காற்றுப் பட்டபின் சிவக்கும். கரைந்த இரும்பைப் பஞ்சு பிடிக்காது. அது உள்ளே போய் மெம்பரேனின் மேல் துருவாகப் படியும். தெளிந்த போத்தலில் நீர் பிடித்து ஓர் இரவு திறந்து வைத்தால் காலையில் அடியில் செம்பொடி தெரிகிறதா என்று பாருங்கள். மலேசியச் சுகாதார அமைச்சின் குடிநீர்த் தரத்தில் இரும்புக்கு வரம்பு லிட்டருக்கு 0.3 மில்லிகிராம், மாங்கனீசுக்கு 0.1. இவற்றைக் கடந்த நீருக்கு ஆர்.ஓ. வடிகட்டியை மட்டும் நம்புவது, முறத்தால் மழையைத் தடுப்பது போன்றது. முதலில் நீரைத் தெளித்தோ கொட்டியோ காற்றோடு கலந்து இரும்பைப் படியவிட்டு, மணலில் வடித்த பிறகே வடிகட்டிக்கு அனுப்ப வேண்டும்.

பச்சை நிறம் தெரிந்தால் வெயிலைத் தேடுங்கள். பின்புற ஈரச் சமையலறையில் வெளிச்சம் படும் இடத்தில் கண்ணாடி போன்ற கூட்டைப் பொருத்தினால் பாசி பிடிக்கும். இடம் மாற்றுவதோ மறைப்புக் கட்டுவதோ போதும்.

டி.டி.எஸ். கூடிவிட்டது

மானியின் எண்ணைத் தனியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. குழாய்த் தண்ணீரையும் ஆர்.ஓ. நீரையும் ஒரே நேரத்தில் அளந்து, இரண்டின் வேறுபாட்டைக் குழாய்த் தண்ணீரின் அளவால் வகுக்க வேண்டும். குழாயில் 60, வடிகட்டியில் 4 என்றால் 93 விழுக்காடு நீங்குகிறது, நன்று. 60க்கு 15 என்றால் 75 விழுக்காடுதான். நெடுநேரம் ஓடாமல் இருந்து முதலில் வரும் நீரில் அளவு கூடத் தெரியும். மெம்பரேனின் இரு பக்கமும் நீர் தேங்கி நிற்கும்போது உப்பு மெல்லக் கடந்துவிடுவதால் அப்படி ஆகிறது. ஆகவே தொட்டி வால்வை மூடி, கால் மணி நேரம் ஓடவிட்ட பிறகே அளக்க வேண்டும். அழுத்தம் குறைந்தாலும் டி.டி.எஸ். கூடும்: கடக்கும் நீர் குறைகிறது, கடக்கும் உப்பு அவ்வளவாகக் குறைவதில்லை. இவை எல்லாம் சரியாக இருந்தும் நீக்கம் 80 விழுக்காட்டுக்குக் கீழேயே நின்றால், மெம்பரேனை மாற்றுவதில் தவறில்லை. பொதுவாக இரண்டு மூன்று ஆண்டு உழைத்திருக்கும்.

புது மெம்பரேன் போட்ட அன்றே அளவு கூடியிருந்தால், அதைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொண்டுபோகுமுன் கழற்றி, நுனியிலுள்ள இரண்டு சிறு ரப்பர் வளையங்களைப் பாருங்கள். ஒன்று நசுங்கியோ மடங்கியோ இருந்தால் வடிகட்டாத நீர் அதன் வழியே கலக்கும். பாதுகாப்புத் திரவம் போகும்படி முதல் தொட்டி நீரைக் கொட்டிவிடவும் மறக்காதீர்கள்.

வீடு வீடாக வரும் விற்பனையாளர் ஒருவர், இரண்டு கம்பிகளை எங்கள் குழாய்த் தண்ணீரில் விட்டு மின்சாரம் பாய்ச்சி, பழுப்பு நிறக் கசடு திரண்டதைக் காட்டி, 'இதைத்தான் குடிக்கிறீர்கள்' என்றார். அந்தக் கசடு கம்பியின் இரும்பு கரைந்து வந்தது. உப்புச் சத்துள்ள எந்த நல்ல நீரிலும் அது நடக்கும். ஆர்.ஓ. நீரில் மின்சாரம் அவ்வளவாக ஓடாததால் அங்கே ஒன்றும் நிகழ்வதில்லை, அவ்வளவுதான். டி.டி.எஸ். மானிக்கும் எல்லை உண்டு: கிருமியையோ துருத் துகளையோ அது காட்டாது. குடிநீர்த் தரத்தில் டி.டி.எஸ். வரம்பு லிட்டருக்கு 1000 மில்லிகிராம். குழாயில் 50, 60 மட்டுமே காட்டும் வீட்டுக்குப் பஞ்சும் கரியும் போதும், ஆர்.ஓ. கட்டாயமில்லை என்பது என் கருத்து. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அதை ஒழுங்காக வைத்துக்கொள்ளட்டும்.

கசிவு

கூட்டின் கழுத்தில் கசிந்தால் இறுக்கிக்கொண்டே போகாதீர்கள், பிளாஸ்டிக் வெடிக்கும். கழற்றி, ரப்பர் வளையத்தைத் துடைத்து, உணவுத் தரச் சிலிக்கோன் கிரீஸ் தடவி, பள்ளத்தில் சீராக உட்காரவைத்து மூடுங்கள். வாசலின் போன்ற பெட்ரோலியக் களிம்பு சில வகை ரப்பரை உப்பவைக்கும் என்பதால் அதைத் தொட வேண்டாம். கால் அங்குலக் குழாய் செருகும் இடத்தில் கசிந்தால், நுனி சாய்வாக வெட்டப்பட்டிருக்கும் அல்லது கீறல் விழுந்திருக்கும்; நல்ல கத்தியால் நேராக வெட்டி, தடை தட்டும்வரை உள்ளே தள்ளி, ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

பகலில் காய்ந்திருந்து விடியலில் மட்டும் ஈரம் தெரிந்தால், ஊர் உறங்கும் நேரத்தில் வீதிக் குழாயின் அழுத்தம் ஏறுவதுதான் காரணம். நீர் வால்வுக்கு அடுத்து ஓர் அழுத்தக் குறைப்பானைப் பொருத்த வேண்டும். எந்த வேலையை முடித்தாலும் ஒவ்வோர் இணைப்பின் அடியிலும் உலர்ந்த நாளிதழ்த் துண்டு ஒன்றை விரித்து வைத்து, மறுநாள் காலையில் அதில் ஈரம் பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே, அரிசி வாளியைப் பழைய இடத்தில் வையுங்கள்.